ஸ்கிடூ (1968): ஓட்டோ பிரெமிஞ்சரின் ஹிப்பி நகைச்சுவை ஏன் எடுபடவில்லை?

ஹாலிவுட்டின் பெருந்தோல்விகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடும் படங்களில் ஒன்று, 1968 டிசம்பரில் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்கிடூ'. ஓய்வுபெற்ற மாஃபியா அடியாள் ஒருவன் சிறைக்குள் தன்னை அறியாமலேயே எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை உட்கொண்டு மனம் மாறுகிறான். வெளியே அவனுடைய மனைவி ஒரு ஹிப்பிக் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு படகுகளில் சென்று மாஃபியா தலைவனின் உல்லாசக் கப்பலை முற்றுகையிடுகிறாள். இந்தக் கதையைப் படமாக்கியவர் 'லாரா', 'அனாடமி ஆஃப் எ மர்டர்' போன்ற படங்களால் பெயர் பெற்ற ஓட்டோ பிரெமிஞ்சர். நடித்தவர்கள் ஜாக்கி கிளீசன், கேரல் சானிங், மிக்கி ரூனி, க்ரூச்சோ மார்க்ஸ் என்று அமெரிக்க வீடுகள் அனைத்திலும் தெரிந்த முகங்கள். இவ்வளவு இருந்தும் விமர்சகர்கள் படத்தைக் கிழித்தார்கள், மக்களும் திரையரங்கப் பக்கம் வரவில்லை.

இந்தத் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இளைஞர்களைப் பற்றி எதுவும் தெரியாத அறுபது வயதுக்காரர் ஒருவர் அவர்களைக் கேலி செய்யப் புறப்பட்டுத் தானே கேலிக்கு ஆளானார் என்பது. படத்தைப் பொறுமையாகப் பார்த்தால் இந்த விளக்கம் போதவில்லை என்பது தெரியும். 'ஸ்கிடூ' ஹிப்பிகளைக் கேலி செய்வதைவிட அவர்களுடைய பக்கம் நின்று, அவர்களை வெறுத்த சமூகத்தைத்தான் அதிகம் கேலி செய்கிறது. ஆனால் அதற்காக அது கையில் எடுத்த நட்சத்திரங்கள், நகைச்சுவை முறை, பெரும் ஸ்டூடியோத் தயாரிப்பு ஆகிய அனைத்தும் அந்தப் பழைய சமூகத்துக்கே உரியவை. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாரோடு சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று பார்வையாளனுக்குத் தெளிவாகச் சொல்லாத நையாண்டி எடுபடாது. 'ஸ்கிடூ'வின் அடிப்படைக் குறை அதுதான் என்பது என் கருத்து.

பிரெமிஞ்சர் இப்படி ஒரு பொருளைத் தொட்டதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. 1905இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, வியன்னாவில் நாடக இயக்குநராக வளர்ந்து, முப்பதுகளில் அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளோடு அவரைப்போல் வெளிப்படையாக மோதிய இயக்குநர்கள் மிகச் சிலரே. 1953இல் 'தி மூன் இஸ் ப்ளூ' படத்தை அங்கீகார முத்திரை இல்லாமலேயே வெளியிட்டார். 1955இல் ஹெராயின் அடிமைத்தனத்தைப் பற்றிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்துக்கும் முத்திரை மறுக்கப்பட்டது. அதையும் துணிந்து வெளியிட்டார், அடுத்த ஆண்டே போதைப்பொருள் தொடர்பான விதி தளர்த்தப்பட்டது. கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த எழுத்தாளர் டால்டன் டிரம்போவின் பெயரை 1960இல் 'எக்ஸோடஸ்' படத்தில் வெளிப்படையாகப் போட்டார். சமூகம் பேசத் தயங்கும் ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, அதைப் பெரிய நடிகர்களை வைத்துப் பெரிய படமாக எடுப்பது அவருடைய தொழில்முறையாகவே ஆகியிருந்தது. 1968இல் அந்தப் பொருள் எல்.எஸ்.டி.

1938இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன் உருவாக்கி, 1943இல் தற்செயலாக அதன் விளைவைத் தானே உணர்ந்த அந்தப் பொருள், அறுபதுகளின் நடுவில் மனநல ஆய்வுக்கூடங்களைத் தாண்டிக் கல்லூரி விடுதிகளுக்கு வந்துவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 1966 அக்டோபர் 6 அன்று அதைத் தடை செய்தது. 1968 அக்டோபரில் அதை வைத்திருப்பதையே நாடு முழுவதும் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதாவது 'ஸ்கிடூ' திரைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கதவு முழுதாக மூடப்பட்டது. பிரெமிஞ்சர் முதலில் எடுக்க நினைத்தது, எல்.எஸ்.டி. பழக்கத்துக்கு ஆளாகும் கல்லூரி மாணவனைப் பற்றி ஜான் ஹெர்சி 1966இல் எழுதிய ஒரு நாவலை. அந்த முயற்சி நடந்துகொண்டிருக்கும்போது டோரன் வில்லியம் கேனன் என்ற புதிய எழுத்தாளரின் திரைக்கதை கைக்கு வரவே, கனமான அந்த நாவலை ஒதுக்கிவிட்டு இந்தக் கேலிக்கூத்தை எடுக்க முடிவு செய்தார். நாடகத்திலும் குற்றக்கதையிலும் கைதேர்ந்த ஒருவர் அதே பொருளைச் சிரிப்பின் வழியே சொல்லத் துணிந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

படத்தின் முதல் காட்சி, அவருக்கு நையாண்டி தெரியாது என்று சொல்பவர்களுக்கு நல்ல பதில். வரவேற்பறையில் டோனி பேங்க்ஸும் (கிளீசன்) அவனுடைய மனைவி ஃப்ளோவும் (சானிங்) ஆளுக்கொரு ரிமோட்டோடு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து, மாறி மாறிச் சேனலை மாற்றிச் சண்டை போடுகிறார்கள். மாஃபியாவைப் பற்றிய செனட் விசாரணை, போலி விளம்பரங்கள், ஒரு பழைய படம் என்று திரை தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பழைய படம் பிரெமிஞ்சரே 1965இல் எடுத்த 'இன் ஹார்ம்ஸ் வே'. இதன் பின்னணி பலருக்குத் தெரியாது. 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்தைத் தொலைக்காட்சியில் வெட்டியும் இடையிடையே விளம்பரம் செருகியும் காட்டக்கூடாது என்று கொலம்பியா நிறுவனத்தின்மேல் அவர் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்து, 1966இல் தோற்றிருந்தார். விளம்பரங்களுக்கு நடுவில் தன் படத்தையே துண்டு துண்டாகக் காட்டும் இந்தக் காட்சியில் அந்தக் கோபம் இருக்கிறது. இலக்கு தெளிவாக இருந்ததால் காட்சி கூர்மையாக வந்திருக்கிறது. படம் முழுவதும் இதே தெளிவோடு போயிருந்தால் அதன் தலைவிதி வேறாக இருந்திருக்கும்.

டோனி இப்போது கார் கழுவும் நிலையம் நடத்தும் நடுத்தரக் குடும்பஸ்தன். 'காட்' (கடவுள்) என்று அழைக்கப்படும் மாஃபியா தலைவன் (மார்க்ஸ்), சிறையில் இருக்கும் 'ப்ளூ சிப்ஸ்' பேக்கர்டு (ரூனி) செனட் குழுவின் முன் சாட்சி சொல்வதற்குள் அவனைத் தீர்த்துக்கட்டும்படி டோனிக்கு ஆணை அனுப்புகிறான். டோனி மறுக்கிறான், அவனுடைய நண்பன் கொல்லப்படுகிறான், வேறு வழியின்றி டோனி சிறைக்குள் நுழைகிறான். இடையில் அவனுடைய மகள் டார்லீன், ஸ்டாஷ் என்ற ஹிப்பி இளைஞனைக் காதலிக்கிறாள். ஊரைவிட்டுத் துரத்தப்படும் ஸ்டாஷின் கூட்டத்துக்கு ஃப்ளோ தன் வீட்டையே திறந்துவிடுகிறாள்.

இந்தக் கதைக்காகப் பிரெமிஞ்சர் திரட்டிய நடிகர் பட்டியல் தனியாகப் பார்க்கத் தக்கது. முப்பதுகளில் குற்றப்படங்களின் நட்சத்திரமாக இருந்த ஜார்ஜ் ராஃப்ட் கப்பலின் கேப்டன். சீசர் ரொமேரோ, ஃப்ராங்க் கோர்ஷின், பர்ஜஸ் மெரிடித் ஆகிய மூவரும் அப்போது ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய 'பேட்மேன்' தொடரில் ஜோக்கர், ரிட்லர், பெங்குயின் என்ற வில்லன்களாக நாடறிந்தவர்கள். பிரெமிஞ்சரும் அதே தொடரில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற வில்லனாக ஒருமுறை வந்து போனவர். மாஃபியா தலைவன் காட் என்பவனின் காதலியாக வரும் டொன்யேல் லூனா, 1966இல் பிரிட்டிஷ் 'வோக்' இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண். ஒவ்வொருவராக வரும்போது 'அட, இவரா!' என்று அடையாளம் காண்பதே ஒரு மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சி நாற்பது வயதைத் தாண்டிய பார்வையாளனுக்கு மட்டுமே உரியது. ராஃப்டின் பெயரை இருபது வயதுக்காரன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ராஃப்டை அறிந்த தலைமுறையோ, தன் வீட்டுப் பிள்ளைகள் முடி வளர்த்துக்கொண்டு போவதைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்தது.

அந்த அச்சத்துக்குப் படம் துளியும் இடம் கொடுக்கவில்லை. ஹிப்பிகள் உடலில் வண்ணம் பூசியிருக்கிறார்கள், புரியாத தத்துவம் பேசுகிறார்கள், சோம்பிக் கிடக்கிறார்கள். அவர்கள்மேல் படம் வைக்கும் கேலி இவ்வளவே. யாரையும் ஏமாற்றாத, யாரையும் அடிக்காத மனிதர்களாகவே அவர்கள் கடைசிவரை இருக்கிறார்கள். கொலை, மிரட்டல், கணக்குப்பார்ப்பு, பெண்ணைப் பொருளாகப் பார்ப்பது ஆகியவையெல்லாம் கோட்டு சூட்டு போட்டவர்களிடம்தான். ஃப்ராங்கி அவலான் நடித்த ஆஞ்சி என்ற இளம் மாஃபியாக்காரனின் குடியிருப்பில், பெண்களை மயக்குவதற்கென்றே பொத்தானை அழுத்தினால் இயங்கும் பொருட்களை நிரப்பிவைத்திருக்கிறார் பிரெமிஞ்சர். ஹிப்பி குடிலைவிட இந்த அறைதான் அருவருப்பாகத் தோன்ற வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அப்படித் தோன்றவும் செய்கிறது. ஆனால் ஹிப்பிகளை நல்லவர்கள் என்று காட்டியதோடு அவர் நின்றுவிட்டார். ஸ்டாஷுக்கும் அவனுடைய நண்பர்களுக்கும் தனித்தனி முகம் இல்லை, விருப்பு வெறுப்பு இல்லை, நினைவில் நிற்கும் ஒரு வசனம்கூட இல்லை. தங்களை ஆதரிக்கும் படத்தில் தாங்கள் வெறும் பின்னணிக் கூட்டமாக நிற்பதைப் பார்த்த இளைஞர்கள் அதைத் தங்கள் படமாக ஏற்றுக்கொள்ளாததில் தவறு இல்லை.

சிறைக்குள் நடக்கும் எல்.எஸ்.டி. காட்சியைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். டோனியின் அறையில் ஃப்ரெட் என்ற இளைஞன் இருக்கிறான். போருக்கு ஆளெடுப்பதை மறுத்துச் சிறைக்கு வந்த அறிவாளி அவன். ஆஸ்டின் பெண்டில்டன் அடங்கிய குரலில் மிக நன்றாக நடித்திருக்கிறார். அவன் கொண்டுவந்த கடிதத்தாள்களிலும் உறைகளிலும் எல்.எஸ்.டி. ஊறியிருக்கிறது. டோனி அதை அறியாமல் ஒரு உறையை எடுத்து நாக்கால் நக்கி ஒட்டுகிறான். சிறிது நேரத்தில் சுவர்கள் நிறம் மாறுகின்றன, எதிரே நிற்பவர்கள் சுருங்குகிறார்கள், எண்கள் மிதக்கின்றன, ஒரு திருகாணியின் முனையில் மாஃபியா தலைவனின் தலை சுழல்கிறது. கிளீசன் தன் பருத்த உடலைப் படுக்கையில் சாய்த்து, கண்களை அகல விரித்து, குழந்தையைப்போல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஃப்ரெட் பக்கத்தில் அமர்ந்து, அஞ்சாதே, எதிர்க்காதே, 'நான்' என்பதை விட்டுவிடு என்று மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்கிறான். எல்.எஸ்.டி. எடுப்பவருக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும் என்று, அதை ஆதரித்துப் பேசிவந்த உளவியலாளர் டிமதி லியரியும் அவருடைய கூட்டாளிகளும் அந்நாட்களில் எழுதிவந்ததற்கு இது நெருக்கமான சித்திரிப்பு. போதை வந்தவன் மாடியிலிருந்து குதிக்கிறான் என்ற அக்காலத்துப் பயமுறுத்தல் இங்கே இல்லை. டோனி தெளிந்து எழும்போது, பேக்கர்டைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கிளீசனின் திரைவாழ்வில் துணிச்சலான சில நிமிடங்கள் இவை என்று தயங்காமல் சொல்லலாம்.

இதற்குப் பிறகு படம் தானே எழுப்பிய நம்பிக்கையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. தப்பிப்பதற்காக ஃப்ரெட் மீதமுள்ள எல்.எஸ்.டி.யைச் சிறைச் சமையலில் கலக்கிறான். கைதிகள், காவலர்கள், வார்டன், பார்வையிட வந்த செனட்டர் என அனைவரும் போதையில் திளைக்க, குப்பைத்தொட்டியையும் பிளாஸ்டிக் பைகளையும் கொண்டு செய்த பலூனில் இருவரும் பறந்து போகிறார்கள். காவல்கோபுரத்தில் நிற்கும் காவலரின் கண்களுக்குக் குப்பைத்தொட்டிகள் வண்ணவண்ணமாக நடனம் ஆடுகின்றன. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதனின் பக்கத்தில் அமர்ந்து அவனை அக்கறையோடு வழிநடத்திய அதே ஃப்ரெட், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அதைக் கொடுப்பதைப் படம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. முதல் காட்சியில் மனமாற்றத்தின் வழியாக இருந்த பொருள், இரண்டாவது காட்சியில் சர்க்கஸ் கருவியாகிவிடுகிறது. எல்.எஸ்.டி.க்கு எதிரானவர்களுக்கு இது பொறுப்பற்ற பிரச்சாரம். அதில் ஏதோ புனிதம் கண்டவர்களுக்கு இது கொச்சை.

பிரெமிஞ்சரின் படமாக்கும் முறையும் நகைச்சுவைக்கு ஒத்துவரவில்லை. அகன்ற திரையில் பலரை ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தி, வெட்டாமல் நீண்ட ஷாட்டில் பார்த்து, யார் சொல்வது சரி என்ற முடிவைப் பார்வையாளனுக்கே விடுவது அவருடைய பாணி. நீதிமன்றக் கதைக்கும் அரசியல் கதைக்கும் அது பெரும் பலம். 1959இன் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' இன்றும் நிற்பது அதனால்தான். கேலிக்கூத்துக்கோ, இதைப் பார், இப்போது சிரி என்று சொல்லும் வெட்டு வேண்டும். 'ஸ்கிடூ'வில் ஒரு நகைச்சுவை முடிந்த பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது. நடிகர்கள் அடுத்து என்ன செய்வது என்று அறியாமல் நிற்பதுபோல் தோன்றுகிறது. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களிடம் உரக்கக் கத்துபவர் என்று அவருக்கு இருந்த பெயரும் ஊரறிந்தது. இயல்பாகச் சிரிக்கவைக்க வேண்டியவர்களின் முகங்களில் ஒருவித இறுக்கம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சான் ஃப்ரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஹிப்பி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடியது 1967 ஜனவரியில். அதே ஆண்டு அக்டோபரிலேயே ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியின் ஹிப்பிகள், தங்கள் இயக்கத்தை ஊடகங்கள் விற்பனைச் சரக்காக்கிவிட்டன என்று சொல்லி, 'ஹிப்பியின் மரணம்' என்ற பெயரில் போலிச் சவ ஊர்வலம் நடத்திவிட்டார்கள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், ஆகஸ்டில் சிகாகோ தெருக்களில் இளைஞர்கள் போலீஸ் தடியடிக்கு ஆளானார்கள். மலர்களோடு பாடிக்கொண்டு படகில் வரும் கூட்டம் ஒன்று மாஃபியாவை வென்றுவிடும் என்ற கற்பனை, அந்த ஆண்டின் டிசம்பரில் யாருக்கும் இனிக்கவில்லை.

ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 'ஐ லவ் யூ, ஆலிஸ் பி. டோக்லஸ்' நன்றாக ஓடியது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பீட்டர் செல்லர்ஸ் நடித்த லாஸ் ஏஞ்சலஸ் வழக்கறிஞர், கஞ்சா கலந்த கேக்கைத் தின்று, ஹிப்பியாகி, பிறகு அந்த வாழ்க்கையிலும் சலிப்படைகிறார். இருபுறமும் மாட்டிக்கொண்ட ஒரே மனிதனின் கண்வழியே கதை போவதால், வழக்கறிஞரைப் பார்த்தும் சிரிக்கலாம், ஹிப்பிகளைப் பார்த்தும் சிரிக்கலாம். 'ஸ்கிடூ'வில் டோனி அப்படி ஒரு மையமாக இருந்திருக்கலாம். கதை அவனைச் சிறையில் விட்டுவிட்டு ஃப்ளோவிடமும் ஆஞ்சியிடமும் கப்பலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏழு மாதங்கள் கழித்து, 1969 ஜூலையில், சுமார் 4 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட 'ஈஸி ரைடர்' வந்து, பல கோடி டாலர் வசூலித்தது. எதிர்க்கலாச்சாரத்தை அதற்குள் இருந்தவர்களே படமாக்கலாம் என்று தெரிந்த பிறகு, பெரும் ஸ்டூடியோக்களின் இந்த வகை முயற்சிகளுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

காட் வேடத்தில் நடித்த க்ரூச்சோ மார்க்ஸுக்கு அப்போது எழுபத்தேழு வயது. இதுவே அவருடைய கடைசித் திரைப்படம். கொல்லப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கடலில் மிதக்கும் கப்பலைவிட்டு இறங்காத தலைவன் அவர். 'தி ரியலிஸ்ட்' இதழின் ஆசிரியர் பால் க்ராஸ்னர், இந்த வேடத்துக்கு ஆயத்தமாவதற்காக க்ரூச்சோ தன்னோடு சேர்ந்து எல்.எஸ்.டி. எடுத்துப் பார்த்தார் என்று பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். படத்தையும் அதில் தம் நடிப்பையும் க்ரூச்சோவே பின்னர் மோசம் என்று சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் நொடிக்கு நொடி பதிலடி கொடுத்த மனிதருக்கு, அந்த வயதில் வசனங்களை ஒப்பிக்கும் வேலையைக் கொடுத்தது வருத்தமானது. ஆனால் கடைசிக் காட்சியில், காவி உடுத்தி, ஃப்ரெட்டோடு ஒரு சிறு பாய்மரப் படகில் அமர்ந்து கஞ்சா பிடிக்கும் காட், அந்த முதிய முகத்தில் முதன்முறையாக நிம்மதியைக் காட்டுகிறார். அதிகாரத்தின் உச்சியில் இருந்தவனும் கலகக்கார இளைஞனும் ஒரே படகில் போவது, பிரெமிஞ்சர் சொல்ல நினைத்த அனைத்தையும் ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது.

அனைவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வெற்றி இந்தப் படத்தில் உண்டு என்றால் அது ஹாரி நில்சனின் இசை. திரைப்படத்துக்கு அவர் அமைத்த முதல் இசை இது. கோபுரக் காவலர்களில் ஒருவராகவும் தலைகாட்டுகிறார். படம் முடிந்ததும், பொறுங்கள், இன்னும் முடியவில்லை என்று பிரெமிஞ்சரின் கனத்த குரல் தடுக்கிறது. அதைத் தொடர்ந்து நில்சன், நடிகர்கள், உதவியாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் என அத்தனை பெயர்களையும் மெட்டமைத்துப் பாடுகிறார், காப்புரிமை அறிவிப்பின் ரோமன் எண்கள்வரை. எவரும் எழுந்து வெளியேறும் நேரத்தில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களின் பெயர்களைக் கேட்க உட்காரவைக்கும் இந்தச் சில நிமிடங்களில், படம் முழுவதும் தேடிக்கொண்டிருந்த இலகுவான தொனி தானாக வந்து வாய்த்திருக்கிறது.

பிரெமிஞ்சர் இதன்பின் 1979வரை நான்கு படங்கள் எடுத்தார், 1986இல் காலமானார். 'ஸ்கிடூ' பல ஆண்டுகள் வீடியோ வடிவில் முறையாக வெளிவராமல், அபூர்வமான திரையிடல்களிலும் கள்ளப் பிரதிகளிலும் மட்டுமே உலவியது. அது பிரெமிஞ்சரின் மிக மோசமான படம் என்ற பேச்சு, படத்தைப் பார்க்காதவர்களாலேயே பெரும்பாலும் பரப்பப்பட்டது இந்த இடைவெளியில்தான். 2011இல் ஆலிவ் ஃபிலிம்ஸ் டிவிடியாக வெளியிட்ட பிறகு, தொலைக்காட்சிச் சண்டை, உறை ஒட்டும் காட்சி, நில்சனின் முடிவுப் பாடல் ஆகிய மூன்றையாவது நேரில் பார்த்து முடிவு செய்யும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த மூன்றுக்காக மீதி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.